90 லட்சம் வயதுத் தீவில் 300 கோடி வயதுப் பொடிக்கல்

எங்கள் வீட்டு அடுப்படிக்குப் பின்னால் ஒரு அம்மி கிடக்கிறது. மொரீஷியஸில் அதை ரோஸ் காரி என்பார்கள், கறிக்கு அரைக்கிற கல். அதன் மேல் உருளும் சின்னக் கல்லுக்குக் கிரியோலில் பாபா என்று பெயர். பாபா என்றால் குழந்தை. தமிழில் நாம் குழவி என்கிறோம், அதுவும் குழந்தைதான். இது தற்செயலா, இல்லை நம்மவர்கள் கப்பலில் கொண்டுவந்த பேச்சா என்று எனக்கு நெடுநாளாக ஒரு யோசனை உண்டு. அது இருக்கட்டும்.

போன மாதம் அதைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் மகள் கேட்டாள். "அம்மா, இதுக்கு எத்தனை வயசு?"

"உன் கொள்ளுப்பாட்டி கல்யாணத்துக்கு வாங்கினது. எண்பது வருஷம் இருக்கும்."

"அது வாங்கின வயசு. கல்லோட வயசு என்ன?"

பதில் சொல்ல ஆரம்பித்து, அது வெகுதூரம் போய்விட்டது. அன்று அவளுக்குச் சொன்னதையும், சொல்லத் தெரியாமல் விழித்துவிட்டு அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் எளிய பகுதி. அம்மியை உற்றுப் பார்த்தால் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள் தெரியும். எரிமலைக் குழம்பில் இருந்த வாயு, குமிழ் குமிழாக வெளியேறும் நேரத்தில் குழம்பு இறுகிவிட்டதன் அடையாளம் அது. பசால்ட் என்ற எரிமலைப் பாறை. கரும்புத் தோட்டங்களில் மேடு மேடாகக் குவித்துவைத்திருக்கிறார்களே, அதே கறுப்புக் கல். காவடிக்கு நாம் ஏறுகிற கோர் தெ கார்த் மலையும் இதுதான். இந்தத் தீவு முழுக்கவே கடலடியிலிருந்து எரிமலை கக்கிக் கட்டியது. மேலே தெரிகிற குழம்புகளில் மிகப் பழையதற்கே சுமார் 90 லட்சம் வயது. கடைசியாக ஓடிய குழம்புக்குச் சில பத்தாயிரம் ஆண்டுகள்தான். அதனால் என் அம்மியின் வயது 90 லட்சத்துக்குள். கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. 2017 ஜனவரியில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் ஆஷ்வாலும் அவரோடு சேர்ந்தவர்களும் மொரீஷியஸில் ஒரு பாறையை உடைத்துப் பொடியாக்கிப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாறைக்கு வயது 57 லட்சம். அதற்குள் கிடந்த சில பொடிப் படிகங்களுக்கு வயது 250 கோடியிலிருந்து 300 கோடி வரை!

பிள்ளை வயிற்றுக்குள் பாட்டி இருந்த கதை. எப்படி என்று கேட்பதற்கு முன்னால், வயதை எப்படிப் படித்தார்கள் என்று பார்த்துவிடலாம். அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கடிகாரம் என்றால் முள் சுற்ற வேண்டும் என்பதில்லை. நம் முன்னோரிடம் நாழிகை வட்டில் இருந்தது. பாத்திரத்தில் நீர், சொட்டுச் சொட்டாக வடியும், வடிந்த அளவை வைத்து நாழிகை சொல்வார்கள். அது சரியாக நேரம் காட்ட வேண்டுமானால் நீர் ஒரே ஒழுங்கில் வடிய வேண்டும். தொடங்கும்போது எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். நடுவில் யாரும் ஒரு கை அள்ளிக் குடித்துவிடவும் கூடாது, ஊற்றிவிடவும் கூடாது. கல்லுக்குள் இருக்கும் கடிகாரத்துக்கும் இதே நிபந்தனைகள்தான்.

அந்தக் கடிகாரத்தில் வடிகிற நீர் யுரேனியம், சேருகிற நீர் ஈயம்.

யுரேனியம் நிலையில்லாத தனிமம். அதன் அணு ஒன்று எப்போதாவது ஒருநாள் உடைந்து வேறு தனிமமாகும், அது இன்னொன்றாகும். இப்படிப் பல படிகள் இறங்கிக் கடைசியில் ஈயமாகி நிற்கும். இதைத்தான் கதிரியக்கச் சிதைவு என்கிறார்கள். 1896இல் பிரான்சில் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தார். பதினோரு ஆண்டுக்குள், 1907இல், அமெரிக்காவில் போல்ட்வுட் என்பவர் யுரேனியத்தையும் ஈயத்தையும் எடைபோட்டுக் கல்லுக்கு வயது சொல்லத் தொடங்கிவிட்டார்.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. எந்த அணு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அணுவுக்கு மூப்பு கிடையாது. நூறு கோடி ஆண்டு இருந்துவிட்ட அணுவும் நேற்றுப் பிறந்த அணுவும் நாளைக்கு உடைவதற்கான வாய்ப்பு ஒன்றேதான். இவ்வளவு நிச்சயமில்லாத ஒன்றை வைத்து எப்படிக் கடிகாரம் செய்வது?

இதற்கு மகளோடு உட்கார்ந்து உண்டியலைக் கவிழ்த்தேன். 64 ஒரு ரூபாய் நாணயங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் குலுக்கிக் கொட்ட வேண்டியது, நாணயத்தில் இருக்கும் எங்கள் முதல் பிரதமர் ராம்கூலாம் முகம் மேலே வந்ததையெல்லாம் எடுத்து ஒதுக்க வேண்டியது, மிச்சத்தை மறுபடி குலுக்க வேண்டியது. 64 முதல் தடவையில் 35 ஆனது. அப்புறம் 16, அப்புறம் 9, அப்புறம் 4, அப்புறம் 1. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறையப் பாதி. எந்த நாணயம் எப்போது ஒதுங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆனால் கூட்டமாக எவ்வளவு ஒதுங்கும் என்று சொல்லிவிடலாம். கடைசி நாணயம் அடுத்த இரண்டு தடவையும் அசையவில்லை. "இது மட்டும் ஏன் இப்படி அடம் பிடிக்குது?" என்று கேட்டாள். அடம் எதுவும் இல்லை, அதற்கு முந்தைய குலுக்கல்கள் நினைவில்லை, அவ்வளவுதான்.

நாணயம் 64 என்பதால் 35, 9 என்று கொஞ்சம் முன்பின்னாக வந்தது. ஒரு கிராம் யுரேனியத்தில் சுமார் இரண்டரைக் கோடி கோடி கோடி அணுக்கள் இருக்கின்றன. அச்சுப்பிழை இல்லை, மூன்று கோடிகள்தான். அவ்வளவு நாணயங்களைக் குலுக்கினால் முன்பின் என்பதே கண்ணுக்குத் தெரியாது, பாதி என்றால் கச்சிதமாகப் பாதி.

இப்படிப் பாதியாகக் குறைய ஆகும் காலத்துக்குத்தான் அரை ஆயுட்காலம் என்று பெயர். யுரேனியத்தில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. யுரேனியம்-238இன் அரை ஆயுட்காலம் சுமார் 447 கோடி ஆண்டுகள். யுரேனியம்-235க்குச் சுமார் 70 கோடி ஆண்டுகள்.

447 கோடி ஆண்டு யார் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கிராம் யுரேனியம்-238ஐக் கருவிக்கு முன்னால் வைத்தால் விநாடிக்குச் சுமார் 12,400 அணுக்கள் உடைவதை எண்ணலாம். மொத்தம் எவ்வளவு, விநாடிக்கு எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால் பாதியாக எத்தனை காலம் ஆகும் என்பது கணக்கு. அண்டாவில் ஓட்டை இருந்தால், அது காலியாகும்வரை காத்திருந்தா நேரம் சொல்கிறோம்? இந்த வேகத்தை வெப்பமோ அழுத்தமோ மாற்றுவதும் இல்லை. சிதைவு நடப்பது அணுவின் கருவுக்குள், எரிமலைச் சூடு அதுவரைக்கும் எட்டாது.

சரி, வேகம் ஒழுங்காக இருக்கிறது. தொடக்கத்தில் ஈயம் எவ்வளவு இருந்தது, நடுவில் யாராவது அள்ளிவிட்டார்களா என்ற கேள்விகள் பாக்கி. அவற்றைத் தீர்த்துவைப்பது ஒரு கனிமம். அதன் பெயர் சிர்கான்.

நகைக்கடையில் அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கிறார்களே, அது வேறு. அது உலையில் செய்த செயற்கைக் கல், பெயரில் மட்டும் உறவு. சிர்கான் இயற்கையானது, பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள படிகம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் நிறையக் கிடைக்கிறது. தரை ஓடுகளின் பளபளப்புக்குப் போவது அதுதான். ஆனால் காலம் அளப்பவர்களுக்கு அது வைரத்தைவிட உசத்தி.

காரணம் அதன் குணம். சிர்கான் உருவாகும்போது அதன் அணு அடுக்கில் சிர்கோனியத்துக்கு ஓர் இருக்கை இருக்கும். யுரேனியம் அளவிலும் மின்னேற்றத்திலும் கிட்டத்தட்ட ஒத்துவருவதால் அங்கொன்றும் இங்கொன்றுமாக அந்த இருக்கையில் உட்கார்ந்துவிடும். ஈயம் பருமன், மின்னேற்றமும் சேராது, அதனால் உள்ளே விடாது. ஆக, படிகம் பிறக்கும்போது உள்ளே யுரேனியம் உண்டு, ஈயம் அநேகமாக இல்லை. பின்னால் எப்போது திறந்து பார்த்தாலும் உள்ளே இருக்கிற ஈயம் அங்கேயே பிறந்த ஈயம். தொடக்கத்தில் வட்டிலின் கீழ்ப்பாத்திரம் காலி என்று உறுதியாகச் சொல்லலாம்.

நடுவில் அள்ளிவிட்டார்களா என்பதற்கு இன்னும் அழகான வழி. இரண்டு யுரேனியம் இருப்பதால் ஒரே படிகத்துக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. 238 ஒருவகை ஈயமாகிறது (ஈயம்-206), 235 இன்னொரு வகை (ஈயம்-207). 300 கோடி ஆண்டு ஆன படிகத்தில், நூற்றுக்கு 63 யுரேனியம்-238 அணுக்கள் மிச்சம் இருக்கும், 37 ஈயமாகியிருக்கும். 235இலோ நூற்றுக்கு ஐந்துதான் மிச்சம், 95 போய்விட்டது. வேகம் வேறு, எண்கள் வேறு, இரண்டும் சொல்லும் வயது மட்டும் ஒன்றாக வர வேண்டும். வந்தால் படிகத்தை யாரும் தொடவில்லை. வராவிட்டால் நடுவில் எப்போதோ ஈயம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றையொன்று பார்க்காத இரண்டு சாட்சிகள் ஒரே கதையைச் சொன்னால் வழக்கு முடிந்த மாதிரி. அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த சூழ்ச்சிகளில் இது ஒன்று.

ஒப்பிட்டுப் பார்க்க, 57 லட்சம் வயதுப் படிகத்தில் என்ன இருக்கும்? யுரேனியம்-238இல் பத்தாயிரத்துக்கு ஒன்பது அணுக்கள்தான் ஈயமாகியிருக்கும். நூற்றுக்கு 37 எங்கே, பத்தாயிரத்துக்கு ஒன்பது எங்கே. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது.

இனி நம் தீவின் கதைக்கு வரலாம்.

முதல் துப்பு கிடைத்தது 2013இல். நார்வேயின் ட்ரோண்ட் டோர்ஸ்விக்கும் குழுவினரும் மொரீஷியஸ் கடற்கரை மணலைச் சலித்துச் சிர்கான் எடுத்தார்கள். பாறையை உடைக்கும் இயந்திரத்தில் வேறு ஏதாவது பாறையின் தூசி ஒட்டியிருந்து ஏமாற்றிவிடக் கூடாதே என்றுதான் மணலுக்குப் போனார்கள். கிடைத்த வயதுகள் 66 கோடியிலிருந்து 197 கோடி வரை. செய்தி உலகமெங்கும் பரவியது.

அதே வேகத்தில் சந்தேகமும் வந்தது. மணல்தானே? காற்றில் வந்திருக்கலாம், அலையில் வந்திருக்கலாம், மிதக்கும் நுரைக்கல்லில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். முந்நூறு ஆண்டுக்கு மேல் கப்பல்கள் வந்துபோகும் தீவு இது. சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. நான் அந்த இடத்தில் இருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன்.

2017 ஆய்வின் முக்கியத்துவம் அங்கேதான். இந்த முறை மணல் இல்லை, பாறை. பழைய பசால்ட்டை ஊடுருவி மேலே வந்து இறுகிய ட்ராக்கைட் என்ற வெளிர் நிறப் பாறை. அதற்குள் இருந்த சிர்கான்களில் 57 லட்சம் வயதுள்ளவையும் இருந்தன, அவை அந்தப் பாறையோடு பிறந்தவை. அவற்றோடு சேர்ந்தே அந்தப் பழைய கிழங்களும். ஜெர்மனியின் போட்ஸ்டாமில் உள்ள கருவியில் வைத்து, தலைமுடியைவிடக் குறுகலான அயனிக் கற்றையால் படிகத்தைச் சுரண்டி, பறந்துவந்த அணுக்களை எடைவாரியாக எண்ணினார்கள். இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போயின. இறுகிய பாறைக்கு நடுவில் காற்று கொண்டுபோய்ப் படிகத்தைச் செருக முடியாது. குழம்பு மேலே வரும்போது கீழே இருந்த பழைய பாறையைச் சுரண்டிக்கொண்டு வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

கொதிக்கிற குழம்பில் அது எப்படி அழியாமல் வந்தது? சிர்கான் உருக 1,600 டிகிரிக்கு மேல் வேண்டும், ட்ராக்கைட் குழம்பின் சூடு அதற்கு வெகுகீழே. ஆனால் உருகாவிட்டாலும் கரையலாமே. சர்க்கரை உருக 180 டிகிரிக்கு மேல் வேண்டும், தேநீரில் 80 டிகிரியிலேயே காணாமல் போகிறதல்லவா, கரும்புத் தீவில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பசால்ட் குழம்பு சர்க்கரை போடாத தேநீர் மாதிரி, சிர்கோனியம் குறைவு, விழுந்த சிர்கானைக் கரைத்துவிடும். ட்ராக்கைட் குழம்பு ஏற்கனவே திகட்டத் திகட்டச் சர்க்கரை போட்டது. அதில் மேலும் ஒரு கரண்டி போட்டால் அடியில் அப்படியே கிடக்கும். கிழங்கள் பிழைத்தது இப்படித்தான்.

சரி, கீழே இருந்த அந்தப் பழைய பாறை எது? கடலின் அடித்தரை இவ்வளவு பழையதாக இருக்க முடியாது. அது நடுக்கடல் பிளவுகளில் பிறந்து, நகர்ந்து, மறுபடி பூமிக்குள் போய்விடும். இன்றைய பெருங்கடல்களில் 20 கோடி வயதைத் தாண்டிய தரையைக் காண்பதே அரிது. 300 கோடி வயது வேண்டுமானால் அது கண்டத்தின் துண்டாகத்தான் இருக்க வேண்டும். சிர்கான்களின் வயது வரிசை, இங்கிருந்து மேற்கே 800 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற மடகாஸ்கரின் நடு-கிழக்குப் பகுதியோடு பொருந்துகிறது. ஒரு காலத்தில் மடகாஸ்கரும் தென்னிந்தியாவும் ஒட்டிக்கிடந்தன. சுமார் எட்டு, ஒன்பது கோடி ஆண்டுக்கு முன் அவை பிரிந்தபோது நடுவில் உதிர்ந்த துணுக்குகளில் ஒன்றின் மேல் மிகப் பின்னால் எரிமலை வெடித்து நம் தீவு எழும்பியது. அந்தத் துணுக்குக்கு மொரீஷியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது சிரமமில்லை. இந்துமாக்கடலில் மூழ்கிய கண்டம், தென்னிந்தியா, மடகாஸ்கர்... "குமரிக்கண்டம் கிடைச்சிடுச்சு!" என்று ஒரு பெரியவர் மூன்று முறை அனுப்பினார். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இல்லை. லெமூரியா என்ற யோசனையே 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் மடகாஸ்கரின் லெமூர்களுக்கு இந்தியாவிலும் எப்படி உறவினர் இருக்கிறார்கள் என்று விளக்க எழுப்பிய ஊகம். கண்டங்களே நகரும் என்று தெரிந்தபின் அதற்குத் தேவையில்லாமல் போயிற்று. மொரீஷியா பிரிந்து சிதறியது கோடிக்கணக்கான ஆண்டுக்கு முன், நம் மனித இனத்துக்கோ வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். ஆள் பிறக்காத காலத்தில் சங்கம் வைத்துத் தமிழ் வளர்க்க முடியாது. பெரியவரிடம் இதை மரியாதையாகச் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அவரே அந்த நாணய விளையாட்டைப் பேரனோடு ஆடிப் பார்த்ததாகச் சொன்னார்.

இதே கடிகாரம்தான் பூமியின் மற்றப் பெரிய தேதிகளுக்கும் ஆதாரம். 1956இல் கிளேர் பேட்டர்சன் பூமியோடு ஒரே காலத்தில் பிறந்த விண்கல்லில் இருந்த ஈயத்தை அளந்து பூமிக்கு 455 கோடி வயது என்றார். அதற்கு அவர் பட்ட பாடு பெரிது. எதை அளந்தாலும் வெளியிலிருந்து ஈயம் வந்து கலந்துகொண்டே இருந்தது, ஆய்வகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் கடைசியில் காற்றையே வடிகட்டி வேலை பார்த்தார். அந்த அழுக்கு ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனதில்தான் பெட்ரோலில் கலந்த ஈயத்துக்கு எதிராக அவர் பின்னாளில் நின்றார்.

முதல் உயிர்களின் காலமும் இப்படியே. நுண்ணுயிர்ப் படிமம் இருக்கிற பாறையில் நேரடியாக வயது படிப்பது கடினம். அது மணலும் சேறும் படிந்து ஆனது, அதிலிருக்கும் சிர்கான் வேறு எங்கோ பிறந்து அடித்துவரப்பட்டதாக இருக்கும். அதனால் மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளைத் தேடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதன் வயது தெரிந்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் சுமார் 348 கோடி ஆண்டு பழைய நுண்ணுயிர் அடையாளங்கள் உண்டு என்பது இப்படிக் கிடைத்த எண். அதே மாநிலத்தின் ஜாக் ஹில்ஸ் என்ற இடத்தில்தான் இதுவரை கிடைத்ததில் மிகப் பழைய சிர்கான், சுமார் 440 கோடி ஆண்டு. அங்கே கிடைத்த 410 கோடி வயதுப் படிகம் ஒன்றுக்குள் துளியளவு கிராஃபைட் இருந்தது, அதன் கார்பன் உயிரிலிருந்து வந்த கார்பனைப் போல இருக்கிறது என்று 2015இல் ஒரு குழு எழுதியது. உயிர் இல்லாமலும் அப்படிக் கார்பன் உண்டாகலாம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் ஒரே ஒரு படிகத்தை வைத்து உயிருக்கு ஜாதகம் எழுதுவது அவசரம்.

மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு நேராக அம்மியிடம் போனாள். பூதக்கண்ணாடியோடு.

"இதுல ஒண்ணாவது இருக்குமா?"

இருக்காது, கண்ணு. இது பசால்ட், சர்க்கரை போடாத தேநீர். விழுந்திருந்தாலும் கரைந்திருக்கும். முகம் வாடிவிட்டது. அப்புறம் எனக்கு ஒன்று தோன்றியது. வட தமிழ்நாட்டுக் கருங்கல், கோயில் கட்டுவதும் அம்மி கொத்துவதும் அதில்தான், பெரும்பாலும் 250 கோடி ஆண்டு வாக்கில் உருவானது. அதில் சிர்கான் தாராளமாக உண்டு. நம் ஆட்கள் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறும்போது, கனக்கும் என்று அம்மியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

"அப்ப அந்த அம்மியில இருந்திருக்கும்," என்றாள்.

"இருந்திருக்கும்."

"அதையும் தூக்கிட்டு வந்திருக்கலாம்ல?"